நெல்லைப் பிடுங்கியவனுக்கு

பாஸ்கருக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உன் நலத்தைப் பார்த்துக்கொள்ள உனக்கு நன்றாகவே தெரியும். போன வாரம் என் சமையலறையில் நின்றுகொண்டு, "இத விஜிகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா" என்று கேட்டாயே, உனக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணிடமே மறைக்கச் சொல்லி, அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கே சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தால் அக்கம்பக்கத்துக்காரர்கள் ஓடிவந்து விலக்கிவிட வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி மறைமலை நகருக்குப் போய்விட்டாய். அப்புறம் ஆள் விட்டு, "அம்மா இன்னா சொல்றாங்க, விஜி வூட்டுக்குப் போனாங்களா" என்று விசாரிக்கிறாய். கல்யாண வயது தாண்டப்போகிற ஆண்பிள்ளை பெற்றவளிடம் தூது அனுப்புகிறான். வெட்கமாக இல்லையா உனக்கு? கம்பெனியில் நீ மற்றவர்களின் விண்ணப்பத்தை முதல் வரியோடு தூக்கிப் போடுவாய் என்று கேள்வி. இதை அப்படிச் செய்யாதே. கடைசி வரைக்கும் படி.

முதலில் நீ செய்ததைச் சொல்கிறேன். உன் வாயில் அது ஏதோ சமூக சேவை மாதிரி வருகிறது, அதனால் என் வாயால் ஒரு முறை கேட்டுக்கொள். உன் தம்பி தணிகைக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. அவனுக்குச் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தனின் மகள் அமுதாவைப் பேசி முடித்தோம். அந்தப் பெண்ணே தணிகையைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. உங்கப்பா உயிரோடு இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சோறு போட்டிருப்பார். அது நடந்து பத்து நாள் ஆவதற்குள் நீ அந்தக் கடைக்குப் போய், டீ வாங்கிக் குடித்து, கோவிந்தனைத் தனியாக அழைத்து, "எங்க வீட்டு ரத்தத்துலயே இது இருக்கு, உங்க பேரப்புள்ளைங்க எல்லாம் இப்படித்தான் பொறக்கும், யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். எனக்குத் தெரியாமல். தம்பிக்குத் தெரியாமல். டீக்குக் காசு கொடுத்தாயோ என்னவோ, அதை நான் விசாரிக்கவில்லை.

கோவிந்தன் நிச்சயத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்தார். அந்த மனிதரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "டீச்சரம்மா, கோச்சுக்காதீங்க. உங்க பெரிய புள்ளயே வந்து சொல்லிட்டுப் போச்சு. படிச்ச புள்ள, பொய்யா சொல்லும்? நாளைக்கு எம் பொண்ணு வயித்துல பொறக்கறதெல்லாம் ஊமையா நின்னா, ஊரு என்னத்தான கேக்கும்?" என்றார். என் பெரிய பிள்ளை வந்து சொன்னான் என்பதையே அப்போதுதான் கேள்விப்படுகிறேன். தணிகை ஷிப்ட் முடிந்து வந்து தட்டைப் பார்த்தான். தட்டில் அவன் வாங்கிக் கொடுத்திருந்த சேலையும் இருந்தது. யாரும் அவனுக்குக் கையால் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டான், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான், படுத்துக்கொண்டான்.

மறுநாள் நீ வந்தபோது கேட்டேன், ஏண்டா இப்படிச் செய்தாய் என்று. தலைகுனிவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கே பாடம் எடுத்தாய். "நீதானம்மா ஸ்கூல்ல நடத்துற? வலியது வாழும், வலுவில்லாதது போயிடும். இயற்கையே கழிச்சு விடுற ஒண்ண நாம ஏன் புடிச்சு இழுத்துக் கல்யாணம் பண்ணி வைக்கணும்? நான் ஒண்ணும் புதுசா சொல்லல, சயின்ஸத்தான் சொல்றேன்." இருபது வருஷமாக அரசுப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவளிடம் நீ சயின்ஸ் சொல்கிறாய். இந்த மாசி முழுக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்று வீடு வீடாக ஏறி இறங்கி வீங்கின காலோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அரைகுறைப் படிப்பு ஆளைக் கொல்லும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒன்று தெரிந்துகொள். நான் எந்த வகுப்பிலும் 'வலியது வாழும்' என்று நடத்தியதில்லை. தக்கது பிழைக்கும் என்றுதான் நடத்தியிருக்கிறேன். உடனே பையன்களைப் பார்த்து, எதற்குத் தக்கது, எந்த இடத்தில் தக்கது என்று கேட்பேன். அதைச் சொல்லத் தெரியாதவனுக்கு அரை மார்க் கூடப் போட்டதில்லை. நீ என் மகனாக இருந்ததால் உனக்கு அந்த வகுப்பு வீட்டிலேயே நடந்தது. எங்கே நடந்தது என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

உனக்குப் பத்து வயது இருக்கும், தணிகைக்கு ஏழு. சேரப்பணஞ்சேரி ஏரிக்குக் கீழே நம் நிலத்தில் களை எடுக்கிற நாள். லீவு என்பதால் இரண்டு பேரையும் கூட்டிப் போயிருந்தேன். பெண்கள் வரிசை கட்டிக் குனிந்து பறித்துக்கொண்டே போனார்கள். நானும் எடுப்பேன் என்று நீ சேற்றில் குதித்தாய். உன் வரிசையை விறுவிறுவென்று முடித்துவிட்டுக் கை நிறையப் பிடுங்கினதை வரப்பில் கொண்டுவந்து போட்டாய். களை பறிக்க வந்திருந்த கன்னியம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அய்ய, டீச்சர் வூட்டுப் புள்ள இன்னா வேல பண்ணிகீது பாரு! பயிரப் புடுங்கிப் போட்டுட்டுப் புல்லப் பத்திரமா வுட்டுட்டு வந்துகீது!" நீ அழுதுகொண்டே, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு என்று கத்தினாய். அது உன் குற்றமில்லை. நிஜமாகவே ஒரே மாதிரிதான் இருக்கும்.

அன்றைக்கு வரப்பில் உட்காரவைத்து உனக்குக் காட்டினேன். நெல்லில், இலை தண்டோடு சேருகிற இடத்தில், மெல்லிய சவ்வு ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புல்லில் அது இருக்காது. அது ஒன்றைத் தவிர உயரம், நிறம், நிமிர்ந்து நிற்கிற வாகு எல்லாம் நெல்லே. அதே புல்லின் சொந்தம்தான் ரோட்டோரத்திலும் முளைக்கிறது. அதைப் பிடுங்கிக் காட்டினேன். தரையோடு படர்ந்து, அடித்தண்டு சிவந்து, குருடன் கூட வேறு என்று சொல்லிவிடுகிற மாதிரி இருந்தது. வயலுக்குள் இருக்கிறது மட்டும் ஏன் நெல் வேஷம் போட்டிருக்கிறது என்று கேட்டாய். நல்ல கேள்வி. அந்த வயதில் உனக்கு நல்ல கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது.

அது வேஷம் போடவில்லை, அதற்கு மூளையா இருக்கிறது என்றேன். புல்லிலும் ஒவ்வொன்று ஒவ்வொரு விதமாகத்தான் முளைக்கும். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், ஒன்று சிவந்திருக்கும், ஒன்று பச்சையாக இருக்கும். விதை தாயைப் போலத்தான் முளைக்கும். களை எடுக்கிற பெண் எதைப் பிடுங்குவாள்? கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிவதை. கண்ணில் படாமல் தப்புவது எது? கொஞ்சமாவது நெல் மாதிரி இருப்பது. தப்பியதுதான் பூக்கும், விதை கொட்டும். அடுத்த பட்டத்தில் அதன் பிள்ளைகள், அதிலும் இன்னும் கொஞ்சம் நெல் மாதிரி இருப்பது தப்பும். எத்தனை தலைமுறைப் பெண்கள் குனிந்து குனிந்து பறித்திருப்பார்கள், அத்தனை தலைமுறையும் சேர்ந்துதான் அந்தப் புல்லுக்கு நெல்லின் முகத்தைக் கொடுத்தது. எந்தப் புல்லும் தன் வாழ்நாளில் மாறவில்லை. மொத்தக் கூட்டம் மாறியது. அந்தப் பெண்கள் அதை நினைத்துச் செய்யவில்லை. நெல் மாதிரி ஆக வேண்டும் என்று எந்தப் புல்லும் விரதம் இருக்கவில்லை. அவ்வளவுதான் இயற்கைத் தேர்வு. இதில் வலியது எங்கே இருக்கிறது, சொல். ரோட்டோரத்தில் லாரிச் சக்கரம் ஏறினாலும் பிழைக்கிற சிவப்புத் தண்டுப் புல்தான் வலியது. வயலுக்குள் முளைத்தால் முதலில் பிடுங்கப்படுவதும் அதுதான்.

நீ கம்பெனி கேட்டில் நின்று, வேலை கேட்டு வரிசையில் வருகிற பையன்களில் நீ வா, நீ போ என்று கை காட்டுகிறாய். சம்பளத்துக்குச் செய்கிறாய், செய்துவிட்டுப் போ. ஆனால் இயற்கையும் அப்படி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று கழித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டாய். இயற்கைக்குப் பர்சனல் டிபார்ட்மெண்ட் கிடையாது, பாஸ்கர். அதற்கு யாரைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லை. யாரையாவது ஒழித்துக்கட்டத் தோன்றுகிறவன்தான் இயற்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறான். செய்வதைச் செய்துவிட்டு, நான் இல்லை, இயற்கைதான் என்று கையைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

தணிகை வேலை பார்க்கும், இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புக்கு நீ ஒரு நாளாவது போயிருக்கிறாயா? உன் ஆபீசிலிருந்து ஒரு மைல்கூட இருக்காது. நான் போயிருக்கிறேன். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தை உள்ளே விடுவார்களே, அன்றைக்கு. மெஷினை ஒரு முறை ஓட்டிக் காட்டினார்கள். அடிக்கிற அடியில் எனக்குப் பல்லெல்லாம் கூசியது. அவனுடைய சூப்பர்வைசர் என் காதருகே குனிந்து கத்தினார். "எங்க லைன்ல காது கேக்கறவனுங்கதான் டீச்சர், உங்க புள்ளைகிட்ட கையாட்டிப் பேசக் கத்துக்கினானுங்க! இந்தச் சத்தத்துல வாய வச்சிக்கினு இன்னா பண்றது?" அந்த லைனில் பத்துப் பேரும் கையால் பேசுகிறார்கள். யார் ஷீட்டை நகர்த்த வேண்டும், யார் நிறுத்த வேண்டும் என்று எல்லாம் கைதான். இதை இயற்கைத் தேர்வு என்று எவனாவது பரீட்சையில் எழுதினால் முட்டை போடுவேன், ஏனென்றால் இதில் பரம்பரையும் இல்லை, தலைமுறையும் இல்லை. ஆனால் ஒருவன் எதற்குத் தகுதி என்று இடத்தைப் பார்க்காமல் பேச முடியாது என்பதற்கு இது போதும். உன் ஆபீஸ் நாற்காலியில் அவன் தகுதியில்லாதவன். அந்த லைனில் நீ தகுதியில்லாதவன்.

சரி, பரம்பரைக்கு வருகிறேன், அதுதான் உன் ஆயுதம். இந்தக் காது கேளாமை நம் ரத்தத்தில் வருகிறது என்று கோவிந்தனிடம் சொன்னாயே, அது பாதி உண்மை. முழுதையும் நான் உனக்குச் சொன்னேன், அதே சமையலறையில், காய்கறி மடித்து வந்த காகிதத்தில் வட்டமும் கட்டமும் போட்டு. நீ மறுபடி படிப்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன். உங்கப்பா எனக்குத் தாய்மாமன். என் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. அக்கா மகள் உரிமைப் பெண், வெளியே கொடுத்தால் நிலம் வெளியே போகும், அதனால் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே முடிவு செய்த கல்யாணம். நம் சனத்தில் அது வழக்கம், பெருமையும் கூட. என் அம்மாவுக்கும் உங்கப்பாவுக்கும் சித்தப்பா ஒருவர் இருந்தார், பிறவியிலேயே காது கேட்காது. அவரிடம் வெளியே தெரிந்த அந்தக் குணம், அவர் அண்ணனான என் தாத்தாவிடம் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. அவரிடமிருந்து என் அம்மாவுக்கும் உங்கப்பாவுக்கும் வந்திருக்கிறது, என் அம்மாவிடமிருந்து எனக்கு. ஒருவரிடம் ஒற்றையாக இருந்தால் காது நன்றாகக் கேட்கும், இருப்பதே தெரியாது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரட்டையாகச் சேரும்போதுதான் குழந்தைக்குக் காது கேட்காது. தணிகையிடம் இரண்டும் சேர்ந்தன. அவ்வளவுதான் அவன் செய்த பாவம்.

வெளியே தெரியாததை இயற்கைத் தேர்வும் தொடாது, களை எடுக்கிற கையும் தொடாது. தணிகையைப் போல நாலு பேரை நீ கல்யாணம் பண்ணவிடாமல் தடுத்தாலும், அதை உள்ளே வைத்துக்கொண்டு காது கேட்டபடி நடமாடுகிறவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கிறார்கள், அவர்கள் வழியாக அது போய்க்கொண்டேதான் இருக்கும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்து, அப்படி ஒளிந்திருப்பவை ஒன்றையொன்று சந்திக்க வழி செய்தது நாம். அமுதா நமக்குச் சொந்தமில்லை, வேறு ஊர், வேறு வழி. அவளிடமும் அதே குணம் இருக்கக் கொஞ்சமும் வாய்ப்பில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் மிகவும் குறைவு. அவளுக்கும் தணிகைக்கும் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காது நன்றாகக் கேட்கும். நீ போய்க் கெடுத்தது அந்தக் கல்யாணத்தை.

நீ கட்டிக்கொள்ளப்போவது யாரை? என் தம்பி ஏழுமலையின் மகளை. விஜி பிறந்த அன்றே அவள் உனக்குத்தான் என்று பேசி வைத்தோம். நீ தணிகையின் கூடப் பிறந்தவன், காது கேட்கிறவன். உன்னிடம் அது ஒற்றையாக ஒளிந்திருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது என் தம்பிக்கும் வந்திருக்கலாம், அவனிடமிருந்து விஜிக்கும் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். ஆக, காது கேளாத குழந்தை பிறக்குமோ என்று பயப்பட வேண்டிய கல்யாணம் இந்த இரண்டில் எது? நான் வட்டத்துக்குள் உன் பெயரை எழுதியபோது உன் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது உனக்கு. அந்த நாக்குச் சவ்வு இல்லாத புல் மாதிரி, வரிசையில் நிமிர்ந்து நெல்லோடு நெல்லாக நின்றுகொண்டிருப்பது யார் என்று புரிந்தது. ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. இப்போது கிளம்பிப் போய்க் கோவிந்தன் காலில் விழுவான், தம்பியைக் கட்டிக்கொள்வான் என்று. நீ காகிதத்தை எடுத்துக் கசக்கி அடுப்பில் போட்டாய். "இத விஜிகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா" என்றாய்.

அந்த ஒரு வரியில் உன் சயின்ஸ் எல்லாம் வெளுத்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அமுதாவின் வயிற்றில் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்காக அப்படி உருகினவனுக்கு, விஜி வயிற்றுப் பிள்ளைகள் மட்டும் எப்படிப் போனாலும் பரவாயில்லையா? உனக்குக் குழந்தைகளைப் பற்றிக் கவலை எப்போது இருந்தது? ஒரகடம் ரோட்டில் நிலத்தை அளந்துகொண்டு ஆட்கள் அலைகிறார்கள், கம்பெனிகள் வரும் என்கிறார்கள். தம்பி கட்டைப் பிரம்மச்சாரியாகவே கிடந்தால் அவன் பங்கும் உன் கைக்கு வரும். விஜியைக் கட்டினால் அவள் அப்பன் நிலமும் வரும். இதைச் சொல்ல உனக்கு வாய் கூசியது, அதனால் இயற்கையைக் கூப்பிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு என் பாடப்புத்தகம்தான் கிடைத்ததா உனக்கு?

இப்போது நான் செய்ததைக் கேள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சுங்குவார்சத்திரம் போனேன். தணிகையையும் கூட்டிக்கொண்டு போனேன், அவனைப் பற்றிப் பேசும்போது அவன் இல்லாமல் பேசுகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று. கோவிந்தனிடமும் அமுதாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயம் தெரிந்ததை நிச்சயம் என்றேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கோவிந்தன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அமுதா அவரைப் பார்த்து, "அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாப்பா? நீயா தட்டத் தூக்கிக்கினு போனியே" என்று சண்டை பிடித்தாள். பிறகு தணிகை பக்கம் திரும்பி, குழந்தையைத் தாலாட்டுவது போல் கையை ஆட்டி, காதைத் தொட்டு, இல்லை என்று விரலை அசைத்து, புருவத்தைத் தூக்கினாள். கேட்காமல் பிறந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறாள். இவன் தன் மார்பைத் தட்டி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். நான் இருக்கிறேனே, நான் சொல்லிக் கொடுப்பேன் என்று. அவள் சிரித்துவிட்டாள். வைகாசியில் கல்யாணம். அண்ணன் இருக்கத் தம்பிக்கு என்ன அவசரம் என்று ஊர் கேட்கும், கேட்டுவிட்டுப் போகட்டும்.

அங்கிருந்து திரும்பியதும் என் தம்பி வீட்டுக்குப் போனேன். ஆமாம், சொன்னேன். விஜியை எதிரே உட்காரவைத்துச் சொன்னேன். கோவிந்தன் மகளுக்குத் தெரிய வேண்டியது என் தம்பி மகளுக்குத் தெரியக் கூடாதா? ஏழுமலை எகிறினான். "இன்னாக்கா நீ, பெத்த புள்ள கல்யாணத்த நீயே கெடுக்க வந்துகீற? காலங்காலமா நாம பண்ணாததா? உனக்கு ஒண்ணு அப்படிப் பொறந்துச்சுன்னா எல்லாத்துக்கும் அப்படியா?" என்றான். இல்லை, எல்லாருக்கும் அப்படி இல்லை, பத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இருக்காது, ஒன்றுமே நடக்காமலும் போகலாம், தெரிந்துகொண்டு கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் சொல்ல வந்தேன் என்றேன். விஜி அவனைக் கையமர்த்திவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"மாமாவுக்கு இது தெரியுமா அத்த?"

உன்னைத்தான் கேட்டாள். தெரியும் என்றேன்.

"தெரிஞ்சிட்டு இன்னா சொன்னாரு?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். பெற்ற மனசு ஒரு கணம் அதற்கும் தயாராக இருந்தது, அதையும் நீ தெரிந்துகொள். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்கிட்டே சொல்ல வேண்டாம் என்றான் என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "கொழந்தைக்குக் காது கேக்கலன்னா கையால பேசிக்கலாம் அத்த, தணிகையப் பாத்துத்தான நானும் வளந்தேன். இந்த மனுஷன் வாயத் தொறக்க வேண்டிய நேரத்துல மூடிக்கினா நான் இன்னா பண்றது?" என்றாள். பிறகு தன் அப்பாவிடம் திரும்பி, "எனக்கு வேணாம்பா" என்றாள்.

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லுக்கா. உம் புள்ளக்கா அவன்" என்றான். அவள் பிறந்த நாளிலிருந்து என் மருமகள் என்று சொல்லிச் சொல்லித் தூக்கி வளர்த்த பெண். நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவ சொல்றதுதான் சரி ஏழுமலை, வேற இடம் பாரு என்றேன்.

அம்மா